உச்சி வெயிலில் தெரியுமா அந்தத் திரை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கையடக்கக் கம்ப்யூட்டர் செய்வது பற்றி மூன்று வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் இரண்டு பேர் படித்தோம். நான் ஒருவன், பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் மகள் இன்னொருத்தி. கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, சண்டைக்கு வரவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பலகை, பேட்டரி, கீபோர்டு எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, திரை என்று வந்ததும் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்குள்தான் நானும் என் மகளும் நான்கு மாதம் சிக்கிக் கிடந்தோம்.

நான் செல்லூரில் இருபத்தாறு வருடமாக டிவி மெக்கானிக். பிக்சர் டியூப் காலத்து ஆள். கலர் டியூபுக்கு இருபத்தைந்தாயிரம் வோல்ட் போகும், பின்னால் கை வைத்தால் தூக்கி எறியும், அதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்இடி டிவி வந்த பிறகு ரிப்பேர் என்பது பேனலை மாற்றுவதா புது டிவி வாங்குவதா என்கிற பேச்சாகச் சுருங்கிப்போனதால், இப்போது கேமரா மாட்டுவதும் மொட்டை மாடியில் சோலார் போடுவதும்தான் பிழைப்பு.

அங்கேதான் இந்தக் கம்ப்யூட்டர் ஆசையே வந்தது. ஒவ்வொரு பேனலின் வோல்ட், ஆம்பியர் ரீடிங்கையும் மாடியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பேப்பரில் எழுதினால் காற்று கொண்டுபோகிறது, செல்போனில் எழுதலாம் என்றால் மதுரை வெயிலில் திரை கறுப்புக் கண்ணாடி, என் முகம்தான் தெரிகிறது. வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால் போன் சுட்டு, தானே மங்கிக்கொள்கிறது. துண்டைத் தலையோடு போர்த்தி, அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டூடியோக்காரர் மாதிரி குனிந்து நின்று டைப் அடித்திருக்கிறேன், பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா தண்ணீர் வேண்டுமா தம்பி, மயக்கம் வருகிறதா என்று கேட்டார்.

முதலில் செய்தது உங்கள் கட்டுரையில் இருப்பதைப் போலவேதான். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை (2021ல் வந்தது, அரை ஜிபி மெமரி, நம் வேலைக்குத் தாராளம்), ஐந்து அங்குல எச்டிஎம்ஐ திரை, பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 என்ற உருளை லித்தியம் செல் ஒன்று, அதை 5 வோல்ட்டாக ஏற்றிக்கொடுக்க ஒரு பூஸ்ட் போர்டு. எல்லாவற்றையும் ஒரு பிவிசி சுவிட்ச் பாக்ஸுக்குள் அடக்கினோம். வீட்டுக்குள் அருமையாக ஓடியது. மாடிக்குக் கொண்டுபோனால் செல்போன் கதையேதான், கூடவே மூன்று மணி நேரத்துக்குள் பேட்டரி காலி.

எங்கே போகிறது கரண்ட் என்று மீட்டரைத் தொடராகப் போட்டுப் பார்த்தேன். பலகை மட்டும், வைஃபையை அணைத்துச் சும்மா வைத்தால், 100 மில்லி ஆம்பியர் பக்கம். திரையைச் சேர்த்தால் 550. அதாவது மூளைக்கு ஒரு பங்கு, முகத்துக்கு நாலரைப் பங்கு! அந்த முகத்திலும் பெரும்பங்கு படம் வரைவதற்குப் போகவில்லை, பின்னால் எரியும் எல்இடி விளக்குக்குத்தான் போகிறது, அந்த விளக்கோ தலைக்கு மேல் நிற்கிற சூரியனோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்துத் தோற்பது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

பின்விளக்கே இல்லாமல், விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியே படம் காட்டும் திரைகள் இருக்கின்றன. சாதாரணக் கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் அந்தச் சாதிதான், வெயில் ஏற ஏற நன்றாகத் தெரியும். இதை வைத்து லேப்டாப்பே செய்திருக்கிறார்கள், 2007ல் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக என்று வந்த எக்ஸ்ஓ மடிக்கணினியில் மேரி லூ ஜெப்சன் என்ற அம்மா வடிவமைத்த 7.5 அங்குலத் திரை, விளக்கை அணைத்துவிட்டால் வெட்டவெளியில் கறுப்பு வெள்ளையாகப் படிக்கக் கிடைத்தது. நல்ல யோசனை, ஏனோ கடைக்கு வருகிற லேப்டாப்புகளில் அது நிலைக்கவில்லை.

நாங்கள் முதலில் பிடித்தது மின்தாள், அதாவது இ-பேப்பர். புத்தகம் படிக்கும் கிண்டில் கருவியில் இருப்பது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பி 1997ல் தொடங்கிய இ இங்க் கம்பெனியின் சரக்கு. உள்ளே மயிரிழை அளவுக் குமிழ்கள், ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும், ஒன்றுக்குப் பாசிட்டிவ் மற்றதற்கு நெகட்டிவ். மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே இறங்கும், கரண்ட்டை எடுத்துவிட்டாலும் அப்படியே நிற்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் எழுத்து நிற்பதை முதல் தடவை பார்த்தபோது டிவி மெக்கானிக்காகிய எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் பயமாக இருந்தது, ஆஃப் ஆன டிவியில் ஆள் நிற்பது மாதிரி.

4.2 அங்குலம், குறுக்கே 400 புள்ளி, நெடுக்கே 300. எஸ்பிஐ, அதாவது பலகையும் திரையும் சில வயரில் பேசிக்கொள்ளும் முறை, அதன் வழியாக மாட்டினோம், ஒரு சாயங்காலத்தில் படம் வந்துவிட்டது. ஆனால் டைப் அடிக்க உட்கார்ந்தால் பொறுமை போய்விடும். முழுத் திரையையும் மாற்ற நாலு நொடி, அதுவும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மின்னிவிட்டுத்தான் படம் நிற்கும். மாற வேண்டிய பகுதியை மட்டும் மாற்றும் வழி உண்டு, அது வேகம்தான், ஆனால் பழைய எழுத்தின் நிழல் தங்கிவிடும், நாலைந்து தடவைக்கு ஒருமுறை முழுசாக மின்னவிட்டுத்தான் கழுவ வேண்டும். இன்னொன்று, வரைந்து முடித்ததும் அதைத் தூங்கச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உயர் வோல்ட்டேஜ் நின்றுகொண்டே இருந்து திரை கெட்டுப்போகும். இதையெல்லாம்கூடச் சகித்திருப்பேன். டேட்டாஷீட்டில், அதாவது கம்பெனி தரும் விவரத்தாளில், வெப்ப அளவு 0 முதல் 50 டிகிரி வரை என்று போட்டிருந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற மாதத்தில், தகரக் கூரைக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை அரை மணி நேரம் வைத்து உள்ளே தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன், 57. போதும் என்று கழற்றிவிட்டேன். அது இப்போது வீட்டு நிலைப்படிக்கு மேலே தொங்குகிறது, கார்ப்பரேஷன் தண்ணீர் எந்த நாள் எத்தனை மணிக்கு என்று காட்டிக்கொண்டு. அந்த மாதிரி வேலைக்கு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாறினால் போதும் என்கிற வேலைக்கு, அதை அடிக்க ஆளில்லை.

அப்புறம்தான் மெமரி எல்சிடி. ஷார்ப் கம்பெனி செய்வது, 2.7 அங்குலம், 400க்கு 240 புள்ளி, கறுப்பு வெள்ளை மட்டும். 2013ல் வந்த பெபிள் கைக்கடிகாரத்தில் இந்த இனத்துத் திரைதான். சாதாரண எல்சிடியில் ஒரே படம் அசையாமல் நின்றாலும் நொடிக்கு அறுபது தடவை அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இதில் ஒவ்வொரு புள்ளிக்கு அடியிலும் ஒரு பிட் (0 அல்லது 1) நினைவு உண்டு, ஒருமுறை சொன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளும், மாறிய வரிகளை மட்டும் அனுப்பினால் போதும். குடிக்கிற கரண்ட் ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே. என் மீட்டரில் முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. வெப்பம் 70 டிகிரி வரை தாங்கும். விலைதான், ஐயா, கம்ப்யூட்டர் பலகையைவிட இந்தக் கண்ணாடிக்குக் கூட. வீட்டில் இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன், இந்தக் கடிதம் அச்சில் வந்தால் தெரிந்துவிடும்.

மாட்டுவதில் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் இன்னொருவருக்கு உதவும். பலகையில் நாற்பது பின், அதாவது ஊசிக் கால்கள். 19ஆவது பின் டேட்டா, 23ஆவது கிளாக், 6ஆவது எர்த், திரையின் சப்ளைக்கு 2ஆவது பின்னிலிருந்து 5 வோல்ட். நாங்கள் வாங்கிய பேனலுக்கு சப்ளைதான் 5 வோல்ட், சிக்னல் கால்களுக்கு 3 வோல்ட் சுமார். இதில் ஒரு ஜம்பர் வயர் நழுவி, 5 வோல்ட் பக்கத்திலிருந்த சிக்னல் பின்னைத் தொட்டு, முதல் பலகை ஒரு சத்தமும் போடாமல் செத்தது. டிவி என்றால் 'டப்' என்று சத்தம் வரும், வாசனை வரும், நமக்கும் ஒரு மரியாதை இருக்கும். இது சும்மா சூடாகிவிட்டு அடங்கிவிட்டது.

புதுப் பலகை வந்தது. எல்லாம் சரியாக மாட்டியும் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. ட்ரை சால்டரோ, ஈயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று எல்லா ஜாயின்ட்டையும் மறுபடி உருக்கினேன், திரையின் ரிப்பன் வயரை நாலு தடவை பிடுங்கிச் சொருகினேன், பேனலே கெட்டது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பப் பெட்டிகூடத் தேடினேன். மகள் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் படிக்கப் போகிறவள், டேட்டாஷீட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "அப்பா, நாம கதவைத் தட்டவே இல்லப்பா, தட்டாம நின்னுருக்கோம்" என்றாள். விஷயம் இதுதான்: எஸ்பிஐயில் உன்னிடம்தான் பேசுகிறேன் என்று திரையைக் கூப்பிட சிப் செலக்ட் என்று ஒரு கால் உண்டு, பெரும்பாலான சரக்குகளில் அந்தக் கால் எப்போதும் மேலே இருந்து, கூப்பிடும்போது கீழே இறங்கும், பலகையும் அப்படித்தான் செய்யும். இந்தத் திரைக்கோ தலைகீழ், மேலே ஏற்றினால்தான் காது கொடுக்கும். நாங்கள் பேசும்போதெல்லாம் அது காதைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஈயம் உருக்கியே தீர்க்கப் பார்த்ததை அவள் ஒரு கோட்டுப் படத்தைப் பார்த்துத் தீர்த்துவிட்டாள். அந்தக் காலை வேறு சாதா பின்னுக்கு மாற்றி, புரோகிராமிலேயே ஏற்றி இறக்கினோம்.

படம் வந்தது. வந்ததுதான், ஆனால் ஹரிசான்டல் சிங்க் போன பழைய டிவி மாதிரி வரிகள் சிதறிக் கிடந்தன! கையெல்லாம் பரபரத்தது எனக்கு, இது நம்ம ஏரியா ஆயிற்றே என்று. ஒவ்வொரு புள்ளி வரியையும் அனுப்பும்போது முதலில் அதன் எண்ணைச் சொல்ல வேண்டும், 1, 2, 3 என்று. அந்த எண்ணின் எட்டு பிட்டையும் இந்தத் திரை கடைசியிலிருந்து படிக்கிறது, பலகை முதலிலிருந்து அனுப்புகிறது. அதனால் 1ஆவது வரி 128ஆவது இடத்துக்குப் போகிறது, 2 போய் 64ல் உட்காருகிறது, 3 போய் 192ல். 240ஐத் தாண்டிய எண்ணாகிவிட்ட வரிகள் திரைக்கே வராமல் காணாமல் போகின்றன. எண்ணைப் புரோகிராமில் திருப்பிப் போட்டு அனுப்பியதும் எல்லாம் வரிசையில் நின்றது. அந்த இரவு பதினோரு மணிக்கு இரண்டு பேரும் சிம்மக்கல் போய்ப் பால் குடித்துவிட்டு வந்தோம்.

இன்னும் ஒரு சங்கதி, இதை விட்டால் திரையே போய்விடும். எந்த எல்சிடியானாலும் மின்னழுத்தம் ஒரே திசையில் நின்றுகொண்டிருக்கக் கூடாது, திசை மாறி மாறி வர வேண்டும். டிவியில் இதைப் பேனலுக்குள் இருக்கும் போர்டே பார்த்துக்கொள்ளும். இந்தத் திரைக்கு நாம்தான் நொடிக்கு ஒரு தடவையாவது திசை மாற்றச் சொல்ல வேண்டும், படம் மாறவே இல்லையென்றாலும். அதற்கென்று தனிக்கால் இருக்கிறது, புரோகிராம் வழியாகவும் செய்யலாம். சொல்ல மறந்தால், ராத்திரி பகல் ஒரே சானல் ஓடும் ஓட்டல் டிவியில் சானல் சின்னம் பொரிந்து நிற்குமே, அந்தக் கதிதான்.

தமிழுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் திரையில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். எனக்கு வேண்டியது தமிழ். பலகையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸின் வெறும் கறுப்புத் திரையில் தமிழ் வராது, மொத்தமே 512 எழுத்து வடிவம்தான் அதில் அடங்கும், கொம்பு, கால், விசிறியெல்லாம் இடம் பார்த்துப் போடவும் அதற்குத் தெரியாது. மகள் பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதினாள், முதல் சோதனைக்கு நான் சொன்ன சொல் 'பேனல்'. வந்தது 'பனேல்'. எழுத்தைக் கம்ப்யூட்டரில் எண்ணாக வைக்கும் யூனிகோடு முறையில் ப முதலில், இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால், திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னால் தூக்கி வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ராக்ம் என்ற துணை மென்பொருள் இல்லாமல், எழுத்தைப் படமாக வரையும் பில்லோ என்ற பைத்தான் மென்பொருள் ஓடினால், கொம்பு வந்த வரிசையிலேயே நின்று அடுத்த எழுத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது. ராக்மைப் போட்டதும் சரியானது.

அடுத்த வம்பு சுழி. 12 புள்ளி உயரத்தில் மூணு சுழி ணவும் ரெண்டு சுழி னவும் ஒரே அழுக்குத் திட்டு, 'பணி' எது 'பனி' எது என்று தெரியாது. கலர் திரையில் ஓரங்களைச் சாம்பல் நிறத்தால் மழுப்பிச் சமாளிப்பார்கள், இங்கே கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் ஒன்றும் கிடையாது. லோகித் தமிழ் எழுத்துருவை 20 புள்ளியில் வைத்த பிறகுதான் சுழி பிரிந்தது. வரிக்கு 24 புள்ளி என்று கணக்குப் போட்டால் 240க்குப் பத்து வரி. ரீடிங் எழுதப் பத்து வரி எதேஷ்டம், கதை எழுதப் போவதில்லையே. ஒரு எழுத்து அடித்தால் அந்த 24 புள்ளி வரிகளை மட்டும் மாற்றுகிறோம், தாமதமே தெரியாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அதே ஒற்றை 18650 செல், மூன்று மணி நேரம்கூடத் தாங்காதது, பதினொரு மணி நேரம் வருகிறது. காலையில் டிவிஎஸ் 50யில் பையோடு மாட்டிக்கொண்டு மேலூர் வரை போய் வந்தாலும் சாயங்காலம் மிச்சம் இருக்கிறது. (முதல் தடவை மேலூர் ரோட்டுக் குலுக்கலில் ரிப்பன் கழன்றுவிட்டது, சைக்கிள் டியூப் ரப்பர் ஒரு துண்டு வெட்டி இடுக்கில் செருகினேன், அதோடு சரி.) இதற்கு மேல் மிச்சம் பிடிக்கத் திரையில் ஒன்றும் இல்லை, இப்போது கரண்ட்டைக் குடிப்பது முழுக்கப் பலகைதான். வெறும் ரீடிங் மட்டும் குறிக்க லினக்ஸ் எதற்கு, பை பிக்கோ மாதிரி ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலரில் முடித்தால் வாரக்கணக்கில் வருமே என்று மகள் சொல்கிறாள். சரிதான். ஆனால் எனக்கு இதிலேயே சாயங்காலம் பில்லும் போட வேண்டியிருக்கிறது, பார்ப்போம்.

குறை சொல்லாவிட்டால் நியாயமில்லை. இருட்டில் இது ஒன்றும் தெரியாது, பெட்டி மூடியில் ஒரு சின்ன எல்இடி வைத்திருக்கிறேன். வீடியோ பார்க்க முடியாது, அதை நான் நல்லது என்கிறேன், மகள் ஒத்துக்கொள்ளவில்லை. காசு குறைவாக இருக்கிற பிள்ளைகள் நோக்கியா 5110 போனுக்கென்று வந்த சின்னத் திரையில் தொடங்கலாம், 84க்கு 48 புள்ளி, சல்லிசாகக் கிடைக்கும், 3.3 வோல்ட்டிலேயே ஓடும், அதே எஸ்பிஐதான். அதில் தமிழ் இரண்டு வரிதான் அடங்கும், ஆனால் கைப்பழக்கம் வந்துவிடும்.

நான் கேட்பது இரண்டு. அடுத்த இணைப்பில் 'எந்தத் திரையும்' என்பதைத் திருத்தி, எங்கே நின்று பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து அதற்கேற்ற திரையை வாங்கிவிட்டு, மற்றதை அப்புறம் வாங்கச் சொல்லுங்கள். இரண்டாவது, பின் எண்ணோடு ஒரு வயரிங் படத்தைத் தமிழில் போடுங்கள், டவுன்ஹால் ரோட்டுக் கடையில் பையன்கள் கையில் பேப்பரோடு வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை. படம் வரைய ஆள் இல்லையென்றால் என் மகள் வரைந்து தருவாள், ஏற்கெனவே நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் பார்த்துச் சுருக்கத்தான் செய்வீர்கள், செய்யுங்கள், பெரியம்மா கதையை வெட்டுங்கள், சிம்மக்கல் பாலை வெட்டுங்கள். 5 வோல்ட் சப்ளைக் காலுக்கு மட்டும்தான், சிக்னல் பின் எதையும் அது தொடக் கூடாது என்கிற வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
செல்லூர், மதுரை – 2